ஞாயிறு காலை 11 மணிக்கு மட்டும் காட்டப்பட்ட வீடு

மெயின் ரோட்டை ஒட்டி வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பதினாறு வருடச் சேமிப்பு, மனைவியின் நகை, மீதிக்கு பேங்க் லோன் என்று எல்லாவற்றையும் போட்டு, மாதவரம் 200 அடி ரோட்டின் ஓரத்தில் ஒரு பழைய தனி வீட்டை 1 கோடி ரூபாய்க்கு வாங்கினோம். எங்களிடம் இரண்டு விஷயங்களை மறைத்தார்கள். ஒன்று அந்த வீட்டின் இரவு. இன்னொன்று அதன் வாசல்.

அரை கிரவுண்டு, 20க்கு 60 அடி. அகலமான போர்டிகோ, கார் நிறுத்த இடம், கீழே இரண்டு படுக்கையறை. புரோக்கர் பேச்சில் கெட்டிக்காரர். "சார், ரோடு ஃபேஸிங். முன்னாடி ஒரு கடை எடுத்து விட்டீங்கன்னா லோன் டியூவ அதுவே கட்டிடும். மெட்ரோ ரெண்டு லைன் இங்கேருந்துதான் கிளம்புது" என்றார். அது பொய் இல்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவில் சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் போகிற இரண்டு தடங்களும் மாதவரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், சொன்னது சரியாக இருந்தது. அதனாலேயே அவர் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

மூன்று முறை வீட்டைப் பார்த்தோம். மூன்று முறையும் ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. ஒரு நாள் ஆபீஸ் முடிந்து சாயங்காலம் வருகிறேன் என்றேன். "ஓனர் அம்மாவுக்கு உடம்பு முடியல சார், ஆறு மணிக்கெல்லாம் படுத்துடுவாங்க" என்று தட்டிக்கழித்தார். போகும்போதெல்லாம் ஜன்னல்கள் மூடியிருக்கும், ஏசி ஓடும், டிவியில் பக்திப் பாட்டு சத்தமாகப் போகும். வீட்டுக்காரர் பெரியவர், நல்ல காபி கொடுத்தார். என் அம்மாதான், "ராத்திரி வண்டிச் சத்தம் இருக்குமாப்பா?" என்று கேட்டார். "ஒரு வாரம்தாம்மா, அப்புறம் பழகிடும். இருபது வருஷமா நாங்க இருக்கோமே" என்றார் அவர்.

அந்த வீட்டின் முன்பக்கப் படுக்கையறையில் கட்டிலே இல்லை. அட்டைப்பெட்டிகளும் பழைய தையல் மெஷினும்தான் இருந்தன. இரண்டு கட்டில்களும் பின்னால், சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் நெருக்கியடித்துக் கிடந்தன. ரோட்டுப் பக்கம் பெரிய அறையை விட்டுவிட்டு வயதானவர்கள் இரண்டு பேர் ஸ்டோர் ரூமில் ஏன் படுக்கிறார்கள்? மூன்று முறையும் அதைப் பார்த்தேன், ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

குடிவந்த முதல் ராத்திரியே பதில் கிடைத்தது. பகலில் சென்னை நகருக்குள் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் காத்திருக்கிற லாரிகள் எல்லாம் இரவில்தான் மொத்தமாக ஓடும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள், எம்-சாண்ட் டிப்பர்கள், மாதவரம் லாரி நிலையத்துக்கு வந்துபோகிற வெளிமாநில வண்டிகள். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் ஓயாது. எங்கள் கேட்டிலிருந்து நாற்பது அடியில் ஒரு வேகத்தடை. "பிள்ளைங்க ரோடு கிராஸ் பண்ண வசதி சார்" என்று புரோக்கர் பெருமையாகக் காட்டிய அதே வேகத்தடை. லோடு ஏற்றிய லாரி அங்கே பிரேக் போடும்போது 'புஸ்' என்று காற்று விடும், பிறகு கியரை மாற்றி இழுக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அதைக்கூடத் தாங்கலாம். காலி டிரெய்லர் வேகம் குறைக்காமல் ஏறி இறங்கும்போது வருகிற 'டமார்' இருக்கிறதே, அது எந்த நேரம் வரும் என்று தெரியாது. உடம்பு அதற்காகக் காத்துக்கொண்டே படுத்திருக்கும். பத்தாவது படிக்கிற என் மகள் முதல் வாரம் முழுக்க எழுந்து உட்கார்ந்து அழுதாள். பழகவே இல்லை. பெரியவருக்கும் பழகியிருக்காது, அதனால்தான் கட்டில் ஸ்டோர் ரூமுக்குப் போயிருக்கிறது.

போனில் சத்தம் அளக்கிற ஒரு செயலியை இறக்கி வைத்துப் பார்த்தேன். அது துல்லியமான கருவி இல்லை, ஆனாலும் ஒரு அளவு தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்தால் டிரெய்லர் போகும்போது 80 டெசிபலைத் தொட்டது, மூடினால் 60க்குப் பக்கத்தில். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் யார் மேல் புகார் கொடுப்பது? ஒவ்வொரு லாரியும் அதனதன் வேலையாகத்தான் போகிறது.

1,40,000 ரூபாய் செலவழித்து முன்பக்கம் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டோம். முதலில் போட்டது நகர்த்துகிற வகை. ஓரத்து இடுக்கு வழியே சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. பிறகு கதவு மாதிரித் திறந்து மூடுகிற வகைக்கு மாற்றினோம். ஹாரன் சத்தம் நன்றாகக் குறைந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். இன்ஜினின் அடித்தொண்டை உறுமலும் தரையின் அதிர்வும் எந்தக் கண்ணாடிக்கும் அடங்கவில்லை. இன்றைக்கு நாங்களும் சமையலறைப் பக்கம்தான் படுக்கிறோம். மாடியில் துணி காயப்போட்டால் கரி படிகிறது. அம்மாவுக்கு இருமல் விட்டபாடில்லை.

இதுவரை சொன்னதுகூட நாங்கள் விழித்திருந்தால் தப்பித்திருக்கக்கூடியது. அடுத்தது அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாதது.

வடகிழக்குப் பருவமழை பிடித்த இரண்டாவது நாள், மதில் சுவரில் புதிதாக அடித்திருந்த வெள்ளை கரைந்து ஓடியது. அடியிலிருந்து சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்புக்குறியும் சில எண்களும் தெரிந்தன. அம்பு எங்கள் வீட்டை நோக்கி இருந்தது. ரோட்டு ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். "அது ரோட்டுக்காரங்க அளந்து போட்டது தம்பி. வீடு கைமாறுறதுக்கு முந்தின மாசம்தான் பெரியவர் ஆள் வெச்சு வெள்ளை அடிச்சாரு. உங்ககிட்ட சொல்லலியா?" என்றார்.

சர்வேயருக்கு மனுப் போட்டுப் பணம் கட்டி அளந்தோம். பத்திரத்தில் 60 அடி ஆழம், தரையில் எங்களுக்குச் சொந்தமானது 52½ அடி. முன்பக்கம் ஏழரை அடி பல வருடங்களுக்கு முன்பே சாலைக்காக எடுக்கப்பட்டு, அதற்கான இழப்பீடும் அப்போதே வாங்கப்பட்டுவிட்டது. அதாவது போர்டிகோவில் பாதியும், கேட்டும், மதிலும் நிற்பது ரோட்டு நிலத்தில். 150 சதுர அடி. இடத்துக்குச் சதுர அடி 7,000 என்று பேசி வாங்கியதால் பத்தரை லட்சம் ரூபாய் இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் கட்டினோம். நாளைக்கு ரோட்டை அகலப்படுத்த வந்தால் அந்த ஏழரை அடிக்கு எங்களுக்கு ஒரு பைசா வராது, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்பார்கள்.

"வில்லங்கம் போட்டுப் பார்க்கலையா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். முப்பது வருடத்துக்குப் போட்டோம், சுத்தமாக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தான் வில்லங்கச் சான்றில் வரும். அரசு நிலம் எடுத்தது பத்திரமாகப் பதிவாகாவிட்டால் அங்கே தெரியாது. பட்டாவும் பழைய அளவிலேயே இருந்தது, உட்பிரிவு செய்து மாற்றவில்லை. பேங்க் லோன் கொடுத்ததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் தவறு. பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தபோது, பேங்க் அனுப்பிய இன்ஜினியரின் மதிப்பீட்டு அறிக்கையில் 'நேரில் அளந்தது 1,050 சதுர அடி' என்றே எழுதியிருக்கிறது. லோன் தொகைக்கு 1,050 அடியே போதுமானதாக இருந்ததால் யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அந்த அறிக்கைக்கான கட்டணத்தை நாங்கள்தான் கட்டினோம். கேட்டிருந்தால் கிரயத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பெரியவருக்கு போன் செய்தேன். "எல்லாம் பார்த்துத்தானே தம்பி வாங்கினீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர், இப்போது போனையே எடுப்பதில்லை. வக்கீலைப் பார்த்தோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55-இன்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். லாரிச் சத்தம் இதில் வராது, ரோடு கண் முன்னால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஏழரை அடி வரும். சுவரில் இருந்த குறியை வெள்ளையடித்து மறைத்தது எங்கள் பக்கம் பெரிய பலம் என்றார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பத்திரத்தில் 'நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்து' என்று ஒரு வரி இருக்கிறது, பதில் நோட்டீஸ் முழுக்க அந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். ரோட்டு வீடு பார்க்கிறவர்கள் வார நாளில், இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் போய் அந்த வீட்டின் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். விற்பவரின் அனுமதி அதற்குத் தேவையில்லை, ரோடு பொதுதான். வீட்டுக்குள் போகும்போது டிவியையும் ஏசியையும் நிறுத்தச் சொல்லி, ஜன்னலைத் திறந்து பேசுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். எஃப்எம்பி ஸ்கெட்ச்சை, அதாவது மனையின் அளவுகளைக் காட்டும் அரசின் நில அளவை வரைபடத்தை, இணையத்தில் எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சர்வேயரை வைத்து ரோட்டுப் பக்கத்திலிருந்து அளந்துவிடுங்கள். அந்த ரோடு எந்தத் துறையின் கையில் இருக்கிறதோ அங்கே எழுத்தில் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். "அதுக்குள்ள வேற பார்ட்டி வந்துடும் சார்" என்பார்கள். வரட்டும். தரைமட்டத்தையும் கவனியுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே எங்கள் ரோடு உயர்ந்துவிட்டது, மழைத் தண்ணீர் நேராகப் போர்டிகோவுக்குத்தான் வருகிறது.

போன மாதம் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி, அதே புரோக்கர் ஒரு இளம் தம்பதியை அழைத்து வந்தார். அந்தப் பெண் கைக்குழந்தையோடு நின்றாள். புரோக்கர் உள்ளே போன நேரம் பார்த்து நான் மதில் பக்கம் போய், அவள் கணவரிடம், "தம்பி, இன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு வாங்க, எங்க மாடியில நின்னு பாருங்க. நான் முழிச்சுத்தான் இருப்பேன்" என்று சொன்னேன். நம்புவாரோ என்னவோ என்று நினைத்தேன். அந்தப் பையன் மட்டும் பைக்கில் வந்தார். இரண்டு பேரும் மாடியில் நின்றோம். நாலாவது டிரெய்லர் வேகத்தடையில் விழுந்தபோது அவர் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு கீழே வந்து, போன் வெளிச்சத்தில் எங்கள் மதிலில் இருக்கும் சிவப்பு அம்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை இன்னும் அழிக்கவில்லை.