லாட்டிட்யூடில் ஆறு வருடம்: ஒரு பைலட்டின் கணக்கு

செஸ்னா சைட்டேஷன் லாட்டிட்யூட் என்ற இரட்டை எஞ்சின் தனியார் ஜெட்டை ஓட்ட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இந்த ஒரு ரகத்தில் மட்டும் என் பதிவேட்டில் 1,900 மணி நேரத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. விமானம் முதலாளியுடையது. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்த நாளிலிருந்து கூடவே இருந்திருக்கிறேன். விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். நானும் அதிலேயே தொடங்குகிறேன். இந்த விமானத்தில் ஆகச் சுமாரான விஷயம் அதுதான்.

விளம்பரத் தாளில் 446 நாட் என்று போட்டிருப்பார்கள் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்). பொய் இல்லை. ஆனால் எரிபொருளைப் பற்றிக் கவலைப்படாமல், நடுத்தர உயரத்தில் விரட்டினால்தான் அந்த வேகம் கிடைக்கும். நாங்கள் வழக்கமாகப் போவது 43,000 அடியில், மாக் 0.75-ல், அதாவது ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கில். அது 430 நாட், அதாவது மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய பயணிகள் விமானமான போயிங் 787 சாதாரணமாகவே மாக் 0.85-ல் போகிறது, ஐந்து மணி நேரத்தில் எங்களை ஏறக்குறைய 290 கடல் மைல் முந்திவிடும். டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் நமக்குக் கீழே நம்மை முந்திக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்த அன்று முதலாளியின் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

அந்த மெத்தனத்துக்குக் காரணம் இறக்கை. சைட்டேஷன் சாவரின் என்ற முந்தைய மாடலிலிருந்து வந்தது. பெரியது, பின்னோக்கிய சாய்வு குறைவு. அதே இறக்கைதான் இதைக் குட்டையான ஓடுதளத்திலிருந்தும் தூக்கிவிடுகிறது. முழு எடையில், கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் புறப்பட 3,580 அடி போதும். சுமார் 1,090 மீட்டர். வெயிலும் ஓடுதளத்தின் உயரமும் கூடினால் இந்தக் கணக்கும் நீளும். அப்படியும், பெரிய பயணிகள் விமானங்கள் எட்டிப் பார்க்காத 1,500 மீட்டர் ஓடுதளங்களில் பல முறை இறங்கி ஏறியிருக்கிறோம். 787-ல் வந்தவர் பெட்டிக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் எங்கள் ஆட்கள் தொழிற்சாலை வாசலில் இருப்பார்கள். நேரம் மிச்சமாவது இங்கேதான்.

வாடகைக்கும் விடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறங்குவதற்கான தூரம் 2,480 அடி என்று தாளில் இருக்கும். ஆனால் கட்டணப் பயணத்துக்குப் பொதுவான விதி, இருக்கும் ஓடுதளத்தில் 60 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும் என்பது. அந்தக் கணக்கில் 4,100 அடிக்கு மேல் தேவைப்படும். சொந்த உபயோகத்தில் இறங்க முடிந்த ஓர் இடத்தில் வாடகைப் பயணத்தில் இறங்க முடியாமல் போகலாம். வாங்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அடுத்து, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம்: ஒன்பது இருக்கை, 2,700 கடல் மைல். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் சேர்ந்து உண்மை இல்லை. அந்த 2,700 நான்கு பயணிகளோடு போட்ட கணக்கு. தொட்டியை நிரப்பினால் சுமார் 5,170 கிலோ எரிபொருள் பிடிக்கும். அதன் பிறகு ஆளும் பெட்டியுமாக ஏற்ற மிஞ்சுவது கிட்டத்தட்ட 450 கிலோதான். உள்ளே கூடுதலாக மாட்டும் ஒவ்வொரு சாதனமும் அதிலிருந்து கொஞ்சம் தின்னும். பெட்டியோடு ஓர் ஆளுக்கு 100 கிலோ என்று வைத்தால் ஏழு பேருக்கு 250 கிலோ எரிபொருளைக் குறைக்க வேண்டும். உயரத்தில் அது சுமார் 20 நிமிடப் பறப்பு. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எதிர்க்காற்று அடிக்காதவரை இவ்வளவுதான். 100 நாட் எதிர்க்காற்று வந்தால் ஆறு மணி நேரத்தில் 600 கடல் மைல் அப்படியே கரைந்துவிடும். அதற்கு மேல், போகும் இடத்தில் வானிலை சரியில்லாமல் மாற்று விமான நிலையத்துக்கும் எரிபொருள் வைக்க வேண்டி வந்தால் அந்த 20 நிமிடம் தங்கம். இந்த ஆறு வருடத்தில் இடையில் இறங்கி எரிபொருள் நிரப்பியதெல்லாம் பெரும்பாலும் மேற்கே போன பயணங்களில்தான். காற்று முதுகில் இருக்கும் திரும்பும் பயணத்தில் அந்தச் சிக்கலே வராது.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச வரம்பு 45,000 அடி. 41,000-க்கு மேல் எதிரெதிரே வரும் விமானங்களுக்கு இடையில் 2,000 அடி விட வேண்டும் என்பதால் பொதுவாக மேற்கே 43,000, கிழக்கே 45,000 என்று அமையும். எடை அதிகம், மேலே காற்றும் சூடு என்றால் நேரே 45,000-க்கு ஏறாது. முதலில் கீழே கொஞ்ச நேரம் பறந்து, எரிபொருள் குறைந்த பிறகுதான் ஏற முடியும். ஏறிவிட்டால் நிம்மதி. வானிலையில் பெரும்பகுதி கீழேயே இருந்துவிடும், நேர் வழியும் எளிதாகக் கிடைக்கும்.

கேபினில் என்னைக் கேட்டால் சமதளத் தரைதான் முதல் மதிப்பெண் வாங்கும். இதற்கு முன் நான் ஓட்டிய சிறிய ஜெட்டில் நடைபாதை வாய்க்கால் மாதிரி பள்ளமாக இருக்கும். இருக்கைக்குப் போக ஒரு படி ஏற வேண்டும். முதலாளியின் அம்மாவுக்கு மூட்டுவலி. அந்த விமானம் என்றாலே வர மாட்டார். இதில் ஆறடி உயரம், பள்ளமே இல்லாத தரை. கைத்தடியோடு வந்து உட்கார்ந்து, "இது வீட்டுக் கூடம் மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் கேபின் அழுத்தம். 45,000 அடியில் பறந்தாலும் உள்ளே 5,950 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். பல பயணிகள் விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். பைலட்டாக இதை நான் உணர்வது மாலையில்தான். ஒரே நாளில் மூன்று ஊர் போய்த் திரும்பினாலும் முன்பு வந்த தலைவலி இப்போது வருவதில்லை.

குறைகளும் உண்டு. எஞ்சின்கள் பின்னால் இருப்பதால் கடைசி இருக்கைகளில் சத்தம் அதிகம். முக்கியமான பேச்சு என்றால் முன்னால் உட்காருங்கள். பெரிய பெட்டியறை வெளியே, வாலுக்குப் பக்கம். பறக்கும்போது அங்கே போக முடியாது. மாத்திரையை அந்தப் பெட்டியில் வைத்துவிட்டு நடுவானில் தேடியவர்களை இரண்டு முறை பார்த்துவிட்டேன். இப்போது ஏறும்போதே நான் கேட்டுவிடுகிறேன்.

காக்பிட்டில் கார்மின் ஜி5000 என்ற மின்னணுக் கருவித் தொகுப்பு. மூன்று பெரிய திரைகள், தொட்டு இயக்கும் நான்கு சின்னத் திரைகள், வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோ த்ராட்டில். பழகிவிட்டால் வேலை பாதியாகிவிடும். விமானம் குலுங்கும்போது மட்டும் தொடுதிரையில் விரல் ஓரிடத்தில் நிற்காது. ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டுதான் அழுத்த வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை வழித்தடத் தரவைப் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் ஒருமுறை மறந்து, புறப்படும் காலையில் அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தரையிறங்குவது இதில் தனி சுகம். சக்கரம் கீல் போட்ட ஒரு கையின் முனையில் இருப்பதால் தரையைத் தொடும்போது அந்தக் கை மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. இறங்கியதே தெரியவில்லை என்று பயணிகள் என்னைப் பாராட்டும்போது நான் மறுப்பதில்லை.

எங்களை அதிக நாள் தரையில் உட்கார வைத்தது விமானத்தின் பழுது இல்லை, ஒரு இழுவை வண்டி. ஓர் ஊரில் விமானத்தை இடம் மாற்றும்போது வண்டி ஓட்டியவர் மூக்குச் சக்கரத்தை எல்லைக் குறி தாண்டித் திருப்பிவிட்டார். யாரும் சொல்லவும் இல்லை. காலையில் சுற்றிப் பார்த்தபோது நானேதான் கண்டுபிடித்தேன். சோதனை, பாகம், மறுபடி சோதனை என்று ஒன்பது நாள் போயிற்று. அதற்கப்புறம் எங்கள் இரண்டு பைலட்டுகளில் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் விமானத்தை யாரும் அசைக்க முடியாது. எஞ்சினுக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டும் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கிறோம். செலவு அதிகம், ஆனால் திடீர் பில் வராது, விற்கும்போதும் மதிப்பு நிற்கும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

போன மாதம் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. எம்ப்ராயர் ப்ரேட்டர் 500 என்ற போட்டி ஜெட்டைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். 3,340 கடல் மைல் போகும், பைலட்டின் கட்டளை முழுவதும் மின் சமிக்ஞையாகக் கம்பி வழியே போகும், உயரமும் இதே ஆறடி. நல்ல விமானம்தான், நானும் ஆசையோடு பார்த்திருக்கிறேன். சரி என்று பதிவேட்டை எடுத்து ஆறு வருடத்தையும் எண்ணினோம். நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்த பயணங்கள் மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் எரிபொருளுக்காக இடையில் இறங்கியது ஒன்பது. அவர் ஏட்டை மூடி வைத்துவிட்டு, இருக்கைத் தோல் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார். விலைப்பட்டியல் நாளை வருகிறது.