புஷ் டிவி22: ஒன்பது அங்குலத்தில் 1953

திருச்சியில் டயனோராவும் சாலிடேரும் பழுது பார்த்த கை என்னுடையது. படத்தை 625 கிடைக்கோடுகளாக வரையும் அந்த 625 வரி டிவிகளின் 'கீ' என்ற விசில் இந்த அறுபத்திரண்டு வயதில் என் காதுக்கு எட்டுவதில்லை. போன மாதம் லண்டன் ஹாரோவில் என் வீட்டு வரவேற்பறையில் புஷ் டிவி22 என்ற பழைய பிரிட்டிஷ் டிவியைப் போட்டதும் விசில் தெளிவாகக் கேட்டது. 405 வரி, நொடிக்கு 25 படம், ஆக 10,125 ஹெர்ட்ஸ், 625 வரி விசிலைவிடத் தாழ்ந்த சுருதி. எத்தனையோ வருஷம் கழித்து ஒரு டிவி உயிரோடு இருப்பதைக் காதால் தெரிந்துகொண்டேன்.

1950-இல் வந்த செட் இது. பழுப்பு பேக்கலைட் பெட்டி, உருண்டையான தோள்கள், ஒன்பது அங்குல பிக்சர் ட்யூப். படம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் குறுக்கே வைத்த அளவுதான். பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 240 பவுண்டுக்கு வாங்கினேன். 'முழுக்கச் சரிசெய்தது' என்றார். நாற்பது நிமிஷத்தில் படம் இரண்டு பக்கமும் சுருங்கிவிட்டது. திறந்து பார்த்தால் நாலே நாலு கண்டன்சர் புதுசு, மீதியெல்லாம் அந்தக் காலத்து மெழுகுக் கண்டன்சர், மெழுகு உருகி வழிந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்ற இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. வேலை தெரியாதவர்கள் தயவுசெய்து உள்ளே கை வைக்காதீர்கள். இதில் மெயின்ஸ் மின்சாரம் நேராக சேசிஸுக்கே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்கே வருகிறது. வயர் மாறியிருந்தால் சேசிஸைத் தொட்டாலே ஷாக். நான் செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் வேலை செய்தேன்.

பிரிட்டனில் 405 வரி ஒளிபரப்பை 1985 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் அரோரா கன்வர்ட்டர் ஒன்று தனியாக வேண்டும். டிவிடி பிளேயரின் படத்தை 405 வரியாக்கி, லண்டனில் பிபிசி ஒளிபரப்பிய அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து வந்த அதே முதல் சேனலில் செட்டுக்குக் கொடுக்கிறேன்.

முதலில் போட்டது 1953 ஜூன் 2, இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. காலை 10.15-க்குத் தொடங்கி கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். நானும் கடிகாரம் பார்த்து அதே நேரத்துக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். அன்று அவருக்கு ஆறு வயதாம். தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில், திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, தரையில் உட்கார்ந்து பார்த்தாராம். அன்றைக்கு இரண்டு கோடிக்கும் மேலான பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் அடுத்தவர் வீட்டில் பார்த்தவர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன்: விழாவுக்கு இந்தத் திரை போதாது. ராணிக்கு மிக அருகில் கேமராவைக் கொண்டுபோக அனுமதி இல்லை. விழா நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் தூரக் காட்சியில் கிரீடம் ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவே. எண்ணெய் பூசும் சடங்கையோ காட்டவே இல்லை. திரைக்கு முன்னால் பூதக்கண்ணாடி மாட்டிப் பார்த்தவர்கள் ஏன் மாட்டினார்கள் என்று புரிந்தது. பிபிசி வர்ணனையாளர் ரிச்சர்ட் டிம்பிள்பியின் குரல்தான் நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. மழையில் திறந்த வண்டியில் சிரித்துக்கொண்டே வந்த டோங்கா ராணி சலோட்டேயை மட்டும் அந்த அம்மா பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாவை மறுபடி கூப்பிட்டு, அந்தக் காலத்து ஒரு சாதாரண நாளின் நிகழ்ச்சிகளைப் போட்டேன். அங்கேதான் இந்தச் செட்டின் அருமை தெரிந்தது. 'ஆண்டி பாண்டி' என்ற குழந்தைகளுக்கான நூல்பொம்மை நிகழ்ச்சியை என் பெரிய டிவியில் பார்த்தால் நூல்தான் முதலில் கண்ணில் படுகிறது, பொம்மை அப்புறம்தான். டிவி22-இல் நூல் சாம்பல் பின்னணியில் கரைந்துபோகிறது. கோடு போட்ட சட்டை, வட்ட முகம், தலை சாயும்போது ஒரு சின்னத் தயக்கம். அது நம்மைத்தான் பார்க்கிறது. மூணடி தள்ளி உட்காரும் குழந்தைக்காகவே, இந்த அளவு திரைக்காகவே எடுத்தது அது. ஸ்டுடியோவில் ஒரு முகம் திரையை நிறைத்தால் எதிரில் உட்கார்ந்து பேசுவதைப் போல இருக்கிறது. இதை 55 அங்குலத்தில் போட்டுவிட்டுப் பழைய நிகழ்ச்சி மட்டம் என்று சொல்வது அநியாயம்.

ஆறிலிருந்து ஏழு வரை ஒன்றும் போடவில்லை. அந்த ஒரு மணி நேரம் பிபிசி ஒளிபரப்பே கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைக்க விட்ட நேரம். 1957 பிப்ரவரி வரை அப்படித்தான். நாங்கள் சமையலறையில் டீ குடித்தோம். ராத்திரி நிகழ்ச்சிகளுக்கு நடுவே குயவர் சக்கரத்தில் மண் வனையும் அந்த இடைவேளைப் படத்தைப் போட்டேன். பானை கடைசிவரை முடிவதே இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு வெள்ளையில் ஈரமண்ணின் பளபளப்பு இந்த ட்யூபில் வருவதைப் போல என் வேறு எந்தத் திரையிலும் வரவில்லை.

வாங்கலாமா? பழுது பார்க்கத் தெரிந்தால், அல்லது தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், தாராளமாக. வாங்குமுன் அரை மணி அல்ல, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பேக்கலைட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தேசிய கீதம் முடிந்ததும் செட்டை அணைத்தேன். படம் நடுவில் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. நான் விளக்கைப் போட எழுந்தேன். அந்த அம்மா கையைக் காட்டி, பொறு என்றார். புள்ளி முழுக்க மறைந்த பிறகுதான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.