டிஃப்பும் ப்ராப்ஷாஃப்டும் கழட்ட எந்த வழி, பின்பக்கமா முன்பக்கமா?

செவன் டைப் கிட் கார்ல (லோட்டஸ் செவன் மாதிரி, பாகங்களை வாங்கி நாமளே கட்டற கார்) ப்ராப்ஷாஃப்ட்டை, அதாவது கியர்பாக்ஸ்லேர்ந்து டிஃப்புக்கு சுழற்சியைக் கொண்டுபோற தண்டை, வெளிய எடுக்க ரெண்டு வழிதான். டிஃப்பை (பின்சக்கரங்களுக்கு சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரன்ஷியல்) பின்னாடி இறக்கிட்டு ஷாஃப்ட்டை, அது ஓடற நடு டன்னல் வழியா பின்பக்கமா உருவறது ஒண்ணு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து முன்னாடி தூக்கிட்டு அந்தப் பக்கமா உருவறது இன்னொண்ணு. 1957-ல வந்த லோட்டஸ் செவன்ல லைவ் ஆக்சில் (ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே கெட்டி ஆக்சில்), டிஃப் ஆக்சிலுக்குள்ளயே இருக்கும், ஆனா பின்னாடி வந்த நிறைய கிட்ல ஃபோர்டு சியரா டிஃப்பை நேரா சேஸிஸ்ல போல்ட் பண்ணிடறாங்க, ஷாஃப்ட்டும் குட்டை, டன்னலும் ஒடுக்கம், அதனால ரெண்டுல ஒரு பக்கம் இடம் விடாம அது வராது.

நான் ரெண்டையும் செஞ்சு பார்த்திருக்கேன். டிஃப்ல சத்தம் வருது, சீல் ஒழுகுது, கிராஸ் ஜாயிண்ட் (ப்ராப்ஷாஃப்ட் முனையில மடங்கற இணைப்பு) ஆடுதுன்னா பின்பக்க வழிதான் என் ஓட்டு. ஒரு ட்ராலி ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு போதும், இன்ஜினைத் தொடவே வேணாம். பின்பக்கத்தை நல்லா ஒசரமா தூக்கி வச்சீங்கன்னா கியர்பாக்ஸ் ஆயில் முன்னாடி ஓடிடும், ஷாஃப்ட்டை உருவும்போது கியர்பாக்ஸ் வால்பக்கம் கொட்டறது ரொம்ப குறையும்.

வரிசை மட்டும் முக்கியம். ஃபிளேஞ்ச் (ப்ராப்ஷாஃப்ட்டும் டிஃப்பும் சேர்ற தகடு) போல்ட்டு நாலையும் முதல்லயே லூஸ் பண்ணிடுங்க, ஏன்னா டிரைவ்ஷாஃப்ட் (டிஃப்லேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டு) மாட்டியிருக்கிற வரைக்கும்தான் ஹேண்ட்பிரேக் பிடிச்சு ஷாஃப்ட்டை சுத்தவிடாம வைக்கும், அதைக் கழட்டிட்டா ஸ்பேனர் போட்டா ஷாஃப்ட்டும் கூடவே சுத்தும், அப்புறம் கியர்ல போட்டுத்தான் சமாளிக்கணும்.

உண்மையில நேரம் போறது டிஃப்பைத் தாங்கற நீள போல்ட்டுலதான். அதுல ரெண்டு பக்கமும் வாஷர் அடுக்கியிருப்பாங்க, டிஃப்பை நடுவுல நிறுத்தறதே அதுதான், நான் முதல் தடவை எந்தப் பக்கம் எத்தனைன்னு எழுதி வைக்காம உருவிட்டேன், ரெண்டு டிரைவ்ஷாஃப்டும் சரியா உட்கார ஒரு நாள் முழுக்க அளந்து அளந்து மாட்ட வேண்டியதாப் போச்சு. இப்பல்லாம் வாஷரை உருவின வரிசையிலயே கம்பில கோத்து இடது வலதுன்னு சீட்டு கட்டிடறேன். டிஃப் 20 கிலோவுக்கு மேல வரும், படுத்துகிட்டு கையில தாங்கி இறக்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, ஜாக்கி அடியில இருந்தே ஆகணும்.

முன்பக்க வழில ஒரே ஒரு பெரிய லாபம், டிஃப்பும் அந்த வாஷரும் இருந்த இடத்துலயே இருக்கும். ஆனா கூலண்ட் வடிக்கணும், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், வயரிங், கிளட்ச் லைன் எல்லாம் கழட்டணும், இன்ஜின் கிரேன் வேணும், வால்பக்கம் சாய்ச்சுத் தூக்கும்போது ஆயிலும் கொட்டும், அந்த வால்ல பாலித்தீன் கவரை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டிடுங்க. வெறும் கிராஸ் ஜாயிண்டுக்காக இவ்ளோ வேலையா? எனக்கு மனசு வராது. கிளட்ச் தேஞ்சு எப்படியும் இன்ஜின் இறங்கப் போகுதுன்னா மட்டும் கேள்வியே இல்ல, முன்பக்கமே போங்க.

எந்தப் பக்கம் கழட்டினாலும் ஃபிளேஞ்ச் ரெண்டுலயும் சேர்த்து பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுட்டு கழட்டுங்க, அதே கோட்டுல திரும்ப மாட்டினா அதிர்வு புதுசா வராது. பழைய நைலாக் நட்டை (உள்ள நைலான் வளையம் இருக்கிற, தானா லூஸாகாத நட்டு) கழட்டினதைத் திரும்பப் போடாதீங்க, கியர்பாக்ஸ் ஆயில் லெவல் பார்க்காம ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க.