டிபிஎஃப்ரீட்: நல்ல லைப்ரரி, ஆனால் நட்சத்திரக் குறிகளைக் கவனியுங்கள்

ஃபாக்ஸ்ப்ரோ, டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருள்களின் டிபிஎஃப் கோப்புகளைப் படித்து, எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் ஏற்றி, அதன்மேல் குவெரி (தரவைத் தேடிக் கூட்டியெடுக்கும் கட்டளை) எழுதுவது என் வேலை. அதற்குப் பைத்தான் நிரல்மொழியின் டிபிஎஃப்ரீட் லைப்ரரியைத்தான் பயன்படுத்துகிறேன். இது படிக்க மட்டுமே செய்யும். மூலக் கோப்பில் ஒரு பைட்டைக்கூடத் தொடாது. இருக்கிற ஒரே பிரதியை நம்பி ஒருவர் கொடுக்கும்போது எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

டிபிஎஃப் கோப்பில் தேதி என்பது வெறும் எட்டு எழுத்து. 20010230 என்று, அதாவது பிப்ரவரி 30 என்று, இருந்தாலும் கோப்பு ஏற்றுக்கொள்ளும். டிபிஎஃப்ரீட் ஏற்காது, 'தவறான தேதி' என்று பிழை எறிந்து அங்கேயே நின்றுவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு மதிப்பையும் படித்து மாற்றும் அதன் ஃபீல்டுபார்சர் வகுப்பில் இருந்து சொந்தமாக ஒரு பார்சரை உருவாக்கி, பிழை வந்தால் மூல பைட்டுகளை அப்படியே திருப்பித் தரும்படி எழுதிவிடலாம். நான் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நெடுவரிசை வைக்கிறேன்: ஒன்றில் சரிபார்த்த தேதி, இன்னொன்றில் கோப்பில் இருந்த எழுத்து. முதலாவது காலியாகவும் இரண்டாவது நிரம்பியும் இருக்கும் வரிகளை எடுத்தால், கெட்ட தேதிகள் மொத்தமும் கைக்கு வந்துவிடும்.

எண்களில்தான் சிக்கல். டிபிஎஃப் கோப்பில் எண்ணும் பெரும்பாலும் எழுத்தாகத்தான் கிடக்கிறது. ஆறு இலக்க அகலமுள்ள நெடுவரிசையில் ஏழு இலக்க எண்ணைப் போட்டால், பழைய மென்பொருள்கள் அந்த இடத்தை  நட்சத்திரக் குறிகளால் (*) நிரப்பிவிடும். சில கோப்புகளில் நட்சத்திரம் வெறும் இட்டுநிரப்பலாகவும் வரும் என்பதால், டிபிஎஃப்ரீட் அவற்றைச் சத்தமில்லாமல் உரித்துவிடுகிறது. மிஞ்சுவது ஒன்றுமில்லை, ஆகவே அது வெற்று மதிப்பு (நல்) ஆகிவிடுகிறது. பிழையே வராது.

ஒரு கையிருப்புக் கோப்பில் இதை நேரில் பார்த்தேன். கூட்டுத்தொகை அச்சுப் பதிவேட்டைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. குவெரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதில் தவறே இல்லை. அப்புறம் கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தபோதுதான் நட்சத்திரக் குறியின் எண்ணான 2ஏ, 2ஏ 2ஏ 2ஏ என்று வரிசையாகத் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்: நட்சத்திரம் ஆவது, இடம் போதாத அளவுக்குப் பெரிய எண்கள். காணாமல் போனவை அந்தக் கோப்பின் மிகப் பெரிய தொகைகள்! கூட்டும்போது எஸ்கியூலைட் வெற்று மதிப்பைத் தாண்டிப் போய்விடும், சராசரியிலும் அந்த வரியை எண்ணாது. சரி, நட்சத்திரத்தை எழுத்தாகவே ஏற்றி, குவெரியில் காஸ்ட் போட்டு எண்ணாக மாற்றலாமே என்றால், அது சுழியாகிவிடும். இது இன்னும் மோசம்.

இப்போது என் பார்சர், எண் நெடுவரிசையில் நட்சத்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இருந்தால் மூல எழுத்தையும் வரி எண்ணையும் தனி அட்டவணையில் போட்டுவிடுகிறது. நாலைந்து வரி நிரல்தான். உண்மையான எண்ணை எப்படியும் காகிதப் பதிவில்தான் தேட வேண்டும், கோப்பில் அது அழிந்துவிட்டது.

மற்றவை நன்றாகவே இருக்கின்றன. அழித்ததாகக் குறித்த வரிகளைத் தனியாகத் தருகிறது. நீண்ட குறிப்புகளைத் தனியாக வைத்திருக்கும் மெமோ கோப்பு தொலைந்திருந்தால் சொல்லிவிடுகிறது, வேண்டுமானால் அதை விட்டுவிட்டும் படிக்கிறது. எழுத்துக் குறியாக்கத்தைக் கோப்பின் தலைப்பைப் பார்த்துத் தீர்மானிக்கும், ஆனால் அந்தத் தலைப்பே பல கோப்புகளில் பொய் சொல்லும் என்பதால் நான் கையால்தான் கொடுக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன்.