கேடிஎம் 300 டிபிஐ: கார்புரேட்டர் இல்லாத டூ ஸ்ட்ரோக்கோட ரெண்டு வருஷம்

2020 மாடல் கேடிஎம் 300 இஎக்ஸ்சி டிபிஐ, காட்டுல ஓட்டுற டர்ட் பைக். டிபிஐன்னா ட்ரான்ஸ்ஃபர் போர்ட் இன்ஜெக்ஷன் (TPI), கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வெச்சு பெட்ரோல பீச்சி அடிக்கிற முறை. செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற ஹவர் மீட்டர் 62 காட்டுச்சு, இப்போ 171. இங்க மெல்போர்ன்ல, விக்டோரியா மலைக்காட்டுக்குள்ள மட்டும்தான் ஓட்டுறேன், ரெக்ரியேஷன் ரெஜிஸ்ட்ரேஷன் வண்டி. டூ ஸ்ட்ரோக் திரும்ப வருமா வராதான்னு கேக்குற எல்லாருக்கும் நான் என் ஷெட்ட திறந்து இந்த வண்டியத்தான் காட்டுறது. வாங்கின உடனே ரிவ்யூ எழுதலாம்னு நினைச்சேன், நல்லவேளை எழுதல, ஏன்னா இந்த வண்டி என்னன்னு புரியவே எனக்கு ஒரு முழு சீசன் ஆச்சு.

நான் கோயம்புத்தூர் பையன். அப்பா டிவிஎஸ் 50 வெச்சிருந்தாரு. பங்க்ல பெட்ரோல் போட்டதும் அவர் "2டி ஆயில் ஊத்துங்க"ன்னு சொல்லுவாரு, ஊத்தி முடிச்சதும் வண்டிய ரெண்டு பக்கமும் ஆட்டி கலக்குறது என் வேலை. அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. அதனாலதான் இங்க வந்து டர்ட் பைக் பழகினப்போ ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் மனசே போகல, நேரா ஒரு கார்ப் வெச்ச 250 டூ ஸ்ட்ரோக் வாங்கிட்டேன். என்ன கம்பெனின்னு சொல்லல, வண்டி மேல தப்பும் இல்ல, கார்புரேட்டரோட குணமே அதுதான்.

அந்த குணம் என்னன்னு எனக்கு முழுசா புரிஞ்சது ப்ளூ ராக் (Blue Rag) மலை முதுகுல. தார்கோ ஊர் கடல் மட்டத்துல இருந்து ஒரு 200 மீட்டர்தான் இருக்கும், அங்க இருந்து கிளம்பி அதே நாள்ல 1700 மீட்டருக்கு மேல ஏறிடுவோம். மேல போகப் போக காத்து லேசாகுது, ஆனா கார்புரேட்டருக்கு அது தெரியாதே, கீழ காலைல எவ்ளோ பெட்ரோல் விட்டுச்சோ அதே அளவு மேலயும் விட்டுட்டே இருக்கும். வண்டி பொருமுது, இழுக்க மாட்டேங்குது, கடைசில ப்ளக் நனைஞ்சு அடைச்சு நின்னே போச்சு. உச்சிக்கு கொஞ்ச தூரம் கீழ, ரெண்டு பக்கமும் பள்ளம், குளிர்ல விரல் விறைச்சுப்போய் ப்ளக் மாத்திட்டு இருந்தேன். கூட வந்தவங்க யாரும் கோவிச்சுக்கல, ஆனா எனக்கு மனசு ஆறவே இல்ல. அன்னைக்கு ராத்திரியே டிபிஐ பத்தி தேட ஆரம்பிச்சேன்.

இங்க கொஞ்சம் மெக்கானிக்கலா பேசணும், இது புரியாம இந்த வண்டியோட அருமை தெரியாது. பழைய டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல், காத்து, ஆயில் மூணும் கலந்து முதல்ல பிஸ்டனுக்கு கீழ இருக்கிற க்ராங்க் கேஸுக்குள்ள வரும், அங்க இருந்து ட்ரான்ஸ்ஃபர் போர்ட் வழியா சிலிண்டருக்குள்ள ஏறும். அப்படி ஏறுற அதே நேரத்துல எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்துதான் கிடக்கும். அதனால புதுசா உள்ள வந்த கலவைல ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா வெளிய ஓடிடும், மோசமான நிலைமைல மூணுல ஒரு பங்கு கூட போகும்னு சொல்லுவாங்க. நாம புகைன்னு பாக்குறது ஆயில் எரியுறது, ஆனா காத்த உண்மையிலேயே கெடுக்குறது கண்ணுக்குத் தெரியாம வெளிய போற இந்த பச்சை பெட்ரோல்தான். காசும் போகுது, காத்தும் கெடுது. கலிஃபோர்னியால இந்த மாதிரி வண்டிக்கு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வருஷத்துல சில மாசம் மட்டும்தான் பொது நிலத்துல ஓட்டலாம்னு வெச்சிருந்தாங்க. ஐரோப்பால ஈரோ 4ங்கிற புகைக் கட்டுப்பாடு வந்தப்போ, ரோட்டுக்கு சர்டிஃபிகேட் வாங்கி விக்கிற டூ ஸ்ட்ரோக் எண்டூரோ (காட்டுப் பாதைல ஓட்டுற பைக்) கதை முடிஞ்சதுன்னே நிறைய பேர் எழுதிட்டாங்க.

அந்த சமயத்துல, 2017ல, கேடிஎம் டிபிஐய காட்டினாங்க. 2018 மாடலா 250, 300 ரெண்டும் வந்துச்சு, கேடிஎம்மோட இன்னொரு பிராண்டான ஹஸ்க்வர்னா பேர்ல TE 250i, TE 300i. பெரிய அளவுல தயாரிச்சு வித்த முதல் இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக் எண்டூரோ இதுங்கதான். ஐடியா கேட்டா எளிமையாத்தான் இருக்கும். க்ராங்க் கேஸுக்குள்ள காத்து மட்டும் போகட்டும், பெட்ரோல ட்ரான்ஸ்ஃபர் போர்ட்லயே ரெண்டு இன்ஜெக்டர் வெச்சு, எப்போ எவ்ளோ வேணுமோ அப்போ அவ்ளோ மட்டும் அடிச்சுக்கலாம். பெட்ரோல் கொஞ்சம் தாமதமா உள்ள வர்றதால வெளிய ஓடுறது குறையுது. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, பெட்ரோல் கீழ போகலன்னா அதுல கலந்து வர்ற ஆயிலும் கீழ போகாது, பேரிங் காய்ஞ்சு போயிடும். அதுக்குன்னு தனி ஆயில் டேங்க், எலக்ட்ரானிக் பம்ப். டேங்க் 0.7 லிட்டர். சராசரியா 80க்கு 1ன்னு கம்பெனி சொல்ற கணக்குப்படி பாத்தா 56 லிட்டர் பெட்ரோலுக்கு வரும், அதாவது அஞ்சாறு டேங்க். மெதுவா போறப்போ ஆயில் கம்மியா, முறுக்குறப்போ ஜாஸ்தியா கம்ப்யூட்டரே பாத்து விடும். அப்பா வண்டிய ஆட்டி ஆட்டி கலக்கினத இப்போ ஒரு சின்ன பம்ப் அளந்து செய்யுது, இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஓட்டுறதுக்கு எப்படின்னு கேட்டா, முதல் நாள் எனக்கு ஏமாற்றமாத்தான் இருந்துச்சு, மறைக்காம சொல்லிடுறேன். பழைய கார்ப் வண்டில அந்த "டிங் டிங்"னு ஒரு வெறி இருக்கும், நடுவுல பவர் பேண்ட், அதாவது பவர் திடீர்னு கூடுற வேகம், வந்ததும் முதுகுல ஒரு தள்ளு தள்ளும். டிபிஐல அந்த தள்ளு இல்ல, கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே சீரா இழுக்குது, சத்தமும் அடங்கின சத்தம். பவர் கம்மியோன்னு தோணும், ஆனா அதே ஏத்தத்துல ரெண்டு வண்டியையும் விட்டுப் பாத்தேன், இதுதான் முன்னாடி போகுது, அதுவும் நான் களைச்சுப் போகாம. டூலங்கி காட்டுல மழை பெஞ்ச மறுநாள் களிமண் ஏத்தம் ஏறிப் பாத்தீங்கன்னா புரியும், வேரும் கல்லுமா இருக்கிற இடத்துல மூணாவது கியர்ல க்ளட்ச்ச லேசா தொட்டுக்கிட்டே நடைவேகத்துல போலாம், எஞ்சின் இடறாது, அணையாது, டயர் மண்ண கடிச்சுட்டே போகும். 293 சிசி எஞ்சின், பெட்ரோல் இல்லாம 103 கிலோ கிட்ட எடை. விழுந்தா தனியா தூக்கிடலாம், நிறைய தடவை தூக்கியிருக்கேன். ஆஸ்திரியால நடக்குற எர்ஸ்பெர்க் ரோடியோங்கிற எண்டூரோ ரேஸ 2018ல கிரஹாம் ஜார்விஸ் இதே டிபிஐ எஞ்சின் போட்ட ஹஸ்க்வர்னால ஜெயிச்சாரு. அந்த இரும்புச் சுரங்க மலைல எது ஏறும் எது ஏறாதுன்னு யாரும் பொய் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த ப்ளூ ராக். போன ஜனவரில மறுபடி போனேன். கூட யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் வந்தார், கார்புரேட்டர நட்டு நட்டா கழட்டித் தெரிஞ்சவர். "தம்பி, உது மேல போக மூச்சு விடுமோ?"ன்னு கீழயே கேட்டாரு. வண்டில காத்தழுத்தம் பாக்குற சென்சார் இருக்கு அண்ணா, அதுவே பெட்ரோல குறைச்சுக்கும்னு சொன்னேன், அவர் தலைய மட்டும் ஆட்டினாரு. மேல போயி, போன தடவ நான் ப்ளக் மாத்தின அதே வளைவுல நிறுத்தி, அணைச்சு, பத்து நிமிஷம் கழிச்சு பட்டன தட்டினேன். முதல் தட்டுலயே பிடிச்சுது. அண்ணன் எதுவும் பேசல, கிட்ட வந்து சைலன்சர் நுனில விரல் வெச்சு தேச்சுப் பாத்தாரு. கொஞ்சமா கருப்பு பட்டிருந்துச்சு, ஆனா வடியல. "காஞ்சு கிடக்கு"ன்னாரு. அவர் வாய்ல இருந்து இது வந்தா அதுக்கு மேல சர்டிஃபிகேட் வேண்டாம்.

பெட்ரோல் செலவும் கண்ணுக்கு தெரியுற அளவு குறைஞ்சிருக்கு. பழைய வண்டில மதியம் வேன்கிட்ட திரும்ப வந்தே ஆகணும், இதுல சாயங்காலம் வரைக்கும் பயமில்லாம போறேன். ஆனா சுத்தமான வண்டின்னு நான் சொல்ல மாட்டேன். பழைய டூ ஸ்ட்ரோக்க விட ரொம்ப சுத்தம், அவ்ளோதான். ஆயில் எரியத்தான் செய்யுது, காலைல ஸ்டார்ட் பண்ணா புகை வரத்தான் செய்யும். நல்ல ஃபோர் ஸ்ட்ரோக்கோட வெச்சு பேசுறவங்க எஞ்சின பிரிக்கிற செலவையும் சேத்துப் பேசணும்ங்கிறது என் கருத்து. 120 மணி நேரத்துல பிஸ்டன் மாத்தினேன், என் ஷெட்லயே, ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பழைய பிஸ்டன் பாக்க நல்லாவே இருந்துச்சு, இருந்தாலும் மாத்திட்டேன்.

பிடிக்காததும் இருக்கு. கார்ப் வண்டின்னா காட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூட்ரைவர வெச்சு எதையாவது செஞ்சு வீடு வந்து சேந்துடலாம். இதுல பேட்டரி செத்தா பெட்ரோல் பம்ப் இல்ல, ஆயில் பம்ப் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. அதனால நான் ஸ்டார்ட் பண்ண உதவுற சின்ன ஜம்ப் பேக் பேட்டரி இல்லாம வீட்டு வாசல தாண்டுறதில்ல. இன்னொன்னு, ஆயில் டேங்க் மூடி ஹேண்டில்பார் பக்கத்துல ஃப்ரேமோட கழுத்துல இருக்கு, பெட்ரோல் டேங்க்ல இருந்து எட்டிப் பாக்குற இடம் இல்ல, ஆயில மறந்துடுவோம். எச்சரிக்கை லைட் இருக்கு, ஆனா வெயில்ல கண்ணாடி போட்டுட்டு ஓட்டுறப்போ லைட்ட நம்பாதீங்க. ஒவ்வொரு தடவ பெட்ரோல் போடும்போதும் மூடிய திறந்து பாக்குறத பழக்கமாக்கிட்டேன்.

டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல பீச்சி அடிக்கிற யோசனை ஒண்ணும் புதுசு இல்லங்க. 1995லயே ஹோண்டா இஎக்ஸ்பி-2ன்னு ஒரு 400 சிசி இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக்க கிரனடா டக்கார் ராலில ஓட்டி அஞ்சாவது இடத்துக்கு கொண்டு வந்தாங்க, அப்புறம் என்னவோ அத கடைக்கு கொண்டு வரவே இல்ல. 1997ல பிமோட்டா வி டுவேன்னு ஒரு 500 வந்துச்சு, இன்ஜெக்ஷன் சரியா அமையாம வித்த வண்டிய திரும்ப வாங்குற நிலைமை ஆச்சு. இந்த ஆஸ்திரேலியாலயே, பெர்த்ல இருக்கிற ஆர்பிட்டல் கம்பெனி நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற முறைய பண்ணாங்க, அது அப்ரிலியா ஸ்கூட்டருக்கு போச்சு, நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோவுக்கும் போச்சு. ஊர்ல நாம கை காட்டி நிறுத்தின ஆட்டோ ஒண்ணுல இந்த டெக்னாலஜி இருந்திருக்கலாம், அப்போ யாருக்குத் தெரியும்!

இப்போ டிபிஐயும் பழசாயிடுச்சு. 2023 மோட்டோக்ராஸ் மாடல்ல இருந்து காத்து உள்ள போற வாசலான த்ராட்டில் பாடிலயே இன்ஜெக்டர் வெக்கிற டிபிஐ (TBI) வந்துச்சு, தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது, அதனால நான் புதுச "த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்"னே சொல்றேன். 2024ல எண்டூரோவுக்கும் அதே வந்துடுச்சு, எக்ஸாஸ்ட் போர்ட்ட கூட்டிக் குறைக்கிற பவர் வால்வும் எலக்ட்ரானிக். நண்பரோட 2024 வண்டிய அரை நாள் ஓட்டிப் பாத்தேன், பழைய கார்ப் வண்டியோட அந்த தள்ளு பாதிக்கு மேல திரும்பி வந்திருக்கு, முறுக்கினா சிரிப்பு வருது. ஆனா ஈரமான வேர் மேல, கல் மேல, நடைவேகத்துல, எனக்கு என் 2020தான். யமஹா இன்னும் ஒய்இசட் 125, 250 ரெண்டையும் கார்புரேட்டரோடவே விக்கிறாங்க, அதுக்கும் ஆள் இருக்கு, அவங்களும் இன்ஜெக்ஷனுக்கு வந்துட்டா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

செகண்ட் ஹேண்ட் டிபிஐ பாக்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம். முதல்ல ஆயில் டேங்க் மூடிய திறந்து பாருங்க, உள்ள மண்ணோ தண்ணியோ இருந்தா பேசாம திரும்பி வந்துடுங்க. ஆயில் ஹோஸ் எங்கயாவது மடிஞ்சிருக்கா, பெட்ரோல் ஃபில்டர் எப்போ மாத்தினாங்க, கம்ப்யூட்டர்ல பெட்ரோல் அளவ தீர்மானிக்கிற மேப்ப அப்டேட் பண்ணிருக்காங்களான்னு கேளுங்க. எஞ்சின் ஆறின நிலைமைல உங்க கண்ணு முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா காரணம் கேளுங்க. டிசம்பர்ல மலை ரோடு கேட் திறந்ததும் மறுபடி தார்கோ போறோம், வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கணும்னா வாங்க, என் வண்டியவே தர்றேன்.