68ஐக் கவிழ்த்தால் 89

டொரோண்டோ திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இலங்கையில் அடித்த புயலைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் எல்லாரும் எழுதிவிட்டார்கள், படமும் போட்டுவிட்டார்கள். எனக்கு எழுத இருப்பது என் போனைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அப்பாவின் வருஷத் திவசத்துக்காக நவம்பர் 23ஆம் திகதி போய் இறங்கினேன். கட்டுநாயக்கா, பஸ், பதுளை, அங்கிருந்து பசறைப் பக்கம் எங்கள் தோட்டம், எல்லாம் வழக்கம்போல. சொல்ல ஒன்றும் இல்லை. 25ஆம் திகதி திவசம் நல்லபடி முடிந்தது. மறுநாள் பிடித்த மழை விடவில்லை. லயத்துத் தகரத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையில், மழை விழும் சத்தம் கேட்டுத் தூங்கி இருபது வருஷம் ஆகிறதே என்று முதல் ராத்திரி ஆசையாகத்தான் படுத்தேன். விடியுமுன் அம்மா தட்டி எழுப்பினார். தேத்தண்ணிக்குப் பீலியில் (மலைத் தண்ணீர் வந்து விழும் குழாய்) தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார், கேத்தலைத் திறந்து காட்டினார். உள்ளே பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் தண்ணீர், அடியில் செம்மண்.

"பீலி செவந்துருச்சு. மலை நகருது. எந்திரிங்க எல்லாரும்."

அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது, வந்தது சிங்களத்தில். மருமகள், அக்காவின் மகள், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதில் 'நாயயாம்', அதாவது மண்சரிவு, என்ற சொல் மட்டும் அம்மாவுக்கே விளங்கியது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த தோட்டத்தில் லயம் லயமாக மண்ணுக்குள் போனதிலிருந்து எங்கள் மலைப்பக்கம் அந்தச் சொல் தெரியாத ஆள் கிடையாது. கனடாவில் எங்கோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தை காணாமல் போனால்கூட நடு ராத்திரி என் தலையணைக்கடியில் போன் அலறும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அப்போது திட்டிக்கொண்டே திரும்பிப் படுப்பேன். அது நினைவுக்கு வந்தது.

அடையாள அட்டை, பேங்க் புத்தகம், மருமகளின் பரீட்சை அட்மிஷன் கார்ட், எல்லாவற்றையும் ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு தமிழ் வித்தியாலயத்துக்குப் போய்விட்டோம், அதுதான் முகாம். பகல் பத்து மணி இருக்கும், லயத்துக்குப் பின்னால் மலை இறங்கியது. எங்கள் குசினியும் பக்கத்துக் காம்பராவும் (லயத்து வீடு) போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புயலுக்கு டித்வா என்று பெயர் என்பதே முகாமில் ரேடியோ கேட்ட பிறகுதான் தெரியும். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் கண்டி, பதுளை, நுவரெலியா ஆட்கள்தான் அதிகம். மருமகள் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, பாதியில் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள்.

முகாமில் ஒரு விஞ்ஞான டீச்சர் இருந்தார். நேராக நிற்கிற பழைய பிஸ்கட் டின் ஒன்றை வெளியே வைத்து, 30 சென்டிமீட்டர் அடிமட்டத்தை விட்டு மழையை அளந்தார். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் அடுத்தது, 150 தாண்டினால் சிவப்பு, அதாவது இடத்தைவிட்டு எழும்பிவிட வேண்டும். அவர் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லிவைத்திருந்தார்: அரை அடிமட்டம் நனைந்தால் ஓடு. வெள்ளிக்கிழமை காலை முக்கால் அடிமட்டம் நனைந்திருந்தது.

சரி, போனுக்கு வருகிறேன்.

கரண்ட் போய் மூன்றாம் நாள், சனிக்கிழமை. என் போன் செத்துக் கிடக்கிறது, மனைவி அங்கே என்ன பாடுபடுகிறாளோ தெரியாது. மூன்று கட்டை (மைல்) தள்ளி சந்தியில் நானா (முஸ்லிம் பெரியவர்) ஒருவரின் ஹார்ட்வெயார் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறது, சார்ஜ் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றார்கள். ரோட்டில் நாலு இடத்தில் மண், ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். ஒரு போனுக்கு 100 ரூபாய். அரை டாலர்கூட இல்லை, ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்று இப்போதும் தெரியவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் பதினாலு வயசுப் பையன் பிஸ்கட் பெட்டி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி நம்பர் எழுதுகிறான். ஒரு துண்டு நம் கையில், அதே நம்பர் எழுதிய இன்னொன்று போனோடு றப்பர் பேண்டில். ஆணிப் பெட்டிகளுக்கு மேல் போன்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன, பட்டன் போன், கண்ணாடி வெடித்த போன், நடுவில் என் ஐபோன். என் நம்பர் 89.

2013 டிசம்பரில் டொரோண்டோவில் ஐஸ் மழை கொட்டியபோது மூன்று இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அப்போதும் நான் இப்படித்தான் ஸ்காபரோவில் ஒரு மோலில் சுவரோரம் பிளக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். காசு கேட்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்தவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானா கடையில் இரண்டு மணி நேரத்தில் எனக்குச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டேன், எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள்.

மூன்று மணிக்குத் துண்டை நீட்டினேன். பையன் தேடினான். மறுபடி தேடினான். கடைசியில் ஒரு பழைய நோக்கியாவை எடுத்து நீட்டினான், ரப்பர் தேய்ந்து நம்பர் தெரியாத பட்டன்.

"இது என்னுடையது இல்லை."

"ஒங்க நம்பர் 68தானே?"

"89."

துண்டைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். 68. இப்படித் திருப்பினால் 89. கீழே ஒரு கோடு போட்டிருக்க மாட்டானா?

அப்போது நான் பேசிய பேச்சை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வாடிக்கையாளர், பொறுப்பு, நஷ்டஈடு என்றெல்லாம், அங்கே தொலைபேசிக் கம்பெனிக்காரனிடம் பேசுகிற குரலில். சேற்றுக் காலோடு நின்ற சனம் எல்லாம் வாயைப் பார்த்தது. நானா ஜெனரேட்டருக்குப் பெற்றோல் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஊரே மண்ணுக்குள்ள கெடக்கு. ஒங்க போன் மேலதான் இருக்கும், தேடினா கெடைக்கும்."

கம்பளி போர்த்திய தாத்தா ஒருவர், மேல் டிவிசன் ஆள், அவருக்குத்தான் என்னுடையதைக் கொடுத்துவிட்டதாகப் பையனுக்கு நினைவு வந்தது. பையனே கூட வந்தான், கடையை விட்டுவிட்டு. ஒன்றரை மணி நேர ஏற்றம். தேயிலை மலைக்கு நடுவே சிவப்பாகக் கிழிந்த இடங்களைத் தாண்டும்போது அவன் பேசாமல் நடந்தான். நான்தான் கோடு போடுவதைப் பற்றி இரண்டு முறை சொன்னேன்.

மேலே தண்ணி டேங்குக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அந்த வட்டாரத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம். பத்துப் பதினைந்து பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தாத்தா ஒரு ஓரமாக என் ஐபோனை அணையப்போகிற விளக்கைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களுதா தம்பி? நாலு தடவ அடிச்சிருச்சு. பட்டன் ஒண்ணையுங் காணோம். ஒரு பொடியன் வந்து இழுத்து விட்டான். ஒரு பொம்பளப் புள்ள பேசுச்சு, யாழ்ப்பாணத்து ஆளா? பாதி வெளங்கல."

மனைவிதான். யாழ்ப்பாணம்தான்.

"என்ன சொன்னீங்க தாத்தா?"

"நல்லா இருக்காரும்மா, சாப்புட்டாரு, கவலப்படாதன்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னை முன்னேபின்னே பார்க்காத மனுஷன். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"செத்தவன் போனுக்குச் சார்ஜ் போடக் குடுப்பானா?"

அவருடைய நோக்கியாவைக் கொடுத்தேன். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், மூன்று நாளாகத் தகவல் இல்லை, அதற்குத்தான் இவ்வளவு தூரம் நடந்து சார்ஜ் போட்டு வந்திருக்கிறார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார், பையன் நம்பரை அடித்துக் கொடுத்தான். ஒரு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டார். வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார்ஜ் போட 100 ரூபாய் வாங்குகிறான், அநியாயம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் சிரித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நான் மனைவிக்கு எடுத்தேன். "ஆர் அந்த ஐயா? உங்களைவிட அவர்தான் வடிவா விளக்கமாச் சொன்னவர்" என்றாள். பிறகு அழுதாள்.

டிசம்பர் முதல் வாரம், வீடு சுத்தம் செய்ய அரசாங்கம் 25,000 ரூபாய் கொடுக்கிறது என்று முகாமுக்குப் படிவம் வந்தது. மருமகள் நிரப்பினாள், 'வீட்டு இலக்கம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. லயத்துக்கு ஏது இலக்கம்? இன்றைக்கும் நமக்குக் கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான். "மூணாவது லயம், கடைசியிலருந்து ரெண்டாவது காம்பரான்னு எழுது" என்றார் அம்மா. எழுதினாள். அந்தக் காம்பராவின் பாதிதான் நிற்கிறது, அதை எழுத இடம் இல்லை.

கரண்ட் வரும்வரை இன்னும் மூன்று முறை நானா கடைக்குப் போனேன். இரண்டாம் தடவை 100 ரூபாயை நீட்டினால் நானா வாங்கவில்லை, வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பையன் நம்பர் போடுவதை நிறுத்தியிருந்தான். அட்டைத் துண்டில் இப்போது பெயர். பெயர் தெரியாதவர்களுக்கு அவனே வைத்த பெயர்: 'கம்பளித் தாத்தா', 'பல்லுப் போன அக்கா', 'டீச்சர்'. என் போனில் சுற்றியிருந்த துண்டில் 'கோவக்கார மாமா' என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடும் போட்டிருந்தான்.