ஓ.எம்.ஆர். ஃபிளாட்டா, அம்பத்தூர் போர்ஷன் வீடா?

வாடகைக்கு விடுவதற்காகவே சென்னையில் சொத்து தேடுகிறவருக்குப் புரோக்கர் பெரும்பாலும் இரண்டு வகையைத்தான் காட்டுவார். ஒன்று, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரிப் பக்கம் லிஃப்ட், செக்யூரிட்டியோடு இரண்டு பெட்ரூம் ஃபிளாட். இன்னொன்று, அம்பத்தூர் மாதிரி பழைய பகுதியில் அரை கிரவுண்டில் மூன்று போர்ஷனாகப் பிரித்த மாடி வீடு.

கணக்குக்காக இரண்டும் 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட்டுக்கு மாதம் 22,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 2.64 லட்சம், அதாவது 3.3 சதவீதம். போர்ஷன் வீட்டில் கீழே 11,000, மேலே இரண்டு போர்ஷனுக்கும் தலா 8,000 என்றால் 3.24 லட்சம், நாலு சதவீதத்தைத் தொடுகிறது. வாடகைக்காக மட்டும்தான் என்றால் பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டுப் போகலாம்.

ஆக, மண்ணின் விலைதான் ஆட்டமே. ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டில் உங்கள் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, 350 சதுர அடி இருந்தாலே நல்ல பங்கு. அதிலும் தனியாக ஒரு செங்கல் வைக்க முடியாது. அரை கிரவுண்டில் 1,200 சதுர அடியும் உங்களுடையது. கட்டடம் பழசாகிப் போனாலும் நிலம் அங்கேயே இருக்கும்.

வீடு காலியாகக் கிடக்கும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஃபிளாட் இரண்டு மாதம் பூட்டிக்கிடந்தால் 44,000 போச்சு. சதுர அடிக்கு நாலு ரூபாய் மெயின்டனன்ஸ் என்றால் இன்னும் 8,000 நீங்கள்தான் கட்ட வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்கு அசோசியேஷன் தனியாகக் கேட்டாலும் கேட்கும். போர்ஷன் வீட்டில் மாடியில் ஒன்று காலியானால் நஷ்டம் 16,000. மற்ற இரண்டும் வந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் எல்லோரும் போர்ஷன் வீட்டுக்கே போகலாமே? போகலாம், பஞ்சாயத்துக்குத் தயாராக இருந்தால். மோட்டாரை யார் போடுவது, மாடியில் யார் துணி காயப்போடுவது, கேட் முன்னால் யார் பைக்கை நிறுத்தினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் வரும். கரண்ட் இன்னொரு தகராறு. ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்குவது ஊர் வழக்கம். ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும் மாநிலத்தில் குடித்தனக்காரர் அதைக் கேட்காமல் இருப்பாரா? போர்ஷனுக்கு ஒரு தனி இணைப்பு வாங்கிவிட்டால் பாதிச் சண்டை ஒழிந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மேல் போர்ஷனை. பல இடங்களில் பிளான் அப்ரூவலில் இரண்டு வீடுதான் இருக்கும். மூன்றாவது பிறகு ஆஸ்பெஸ்டாஸ் போட்டு எழுப்பியதாக இருக்கும். வாடகை அதற்கும் வரும், ஆனால் வங்கி மதிப்பீட்டில் அது கணக்கில் வரும் என்று நம்பாதீர்கள். வில்லங்கச் சான்றோடு தாய்ப் பத்திரத்தையும் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் அலட்சியம் கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் சில தெருக்களில் ஓடுகிறது.

சிலர் இந்தத் தலைவலியே வேண்டாமென்று, மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஃபிளாட்டை லீஸுக்கு விடுகிறார்கள். பத்து லட்சம் வாங்கி ஒன்பது சதவீதக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 90,000 மிச்சம்; விட்டுக்கொடுத்த வாடகை 2.64 லட்சம். காலி செய்யும் நாளில் பத்து லட்சத்தை முழுசாக எண்ணி வைக்கவும் வேண்டும். அவசரப் பணத்தேவை இல்லாதவருக்கு இது ஒத்தே வராது.

என் கணிப்பில், அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் குடியிருப்பவருக்குப் போர்ஷன் வீடு. துபாயிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு வாங்குபவருக்கு ஃபிளாட், அதுவும் யுடிஎஸ் எவ்வளவு என்று பத்திரத்தில் பார்த்த பிறகு.